வணங்கிய செருப்பும் கழற்றிய செருப்பும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நாட்டுப்புறக் கூத்தும் குமுக எதிர்ப்பும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். பொருள் பெரிது, கிடைத்த பொழுது சிறிது. ஆகலின் கூத்து வகைகள் அனைத்தையும் அடுக்கிக் காட்ட நான் முயலவில்லை. தென்பாண்டி நாட்டுக் கொடை விழாவையும், அவ்விழாவிற் பாடப்பெறும் வில்லுப்பாட்டையும் நடுவாக வைத்துக்கொண்டு ஒரு செய்தியை மட்டும் சொல்ல வந்துள்ளேன்.

கொல்லப்பட்டவனைத் தெய்வமாக்கி, அவன் கதையை ஊர் நடுவே பாடியதன் வாயிலாக, நம் உழைக்கும் மக்கள் தங்கள் வழக்கை எடுத்துரைத்தனர். அந்தப் பாட்டை நிறுத்த இயலாதவர்கள் வேறொரு வேலை செய்தனர். கதைக்குள் புகுந்து, கொல்லப்பட்டவனின் பிறப்பை மாற்றினர். பிறப்பு மாறவே வழக்கும் மழுங்கியது. இவ்விரண்டையும் சேர்த்து அறிந்தாலன்றி, 'கூத்து மக்களின் எதிர்ப்புக் குரல்' என்று நாம் மேடையில் முழங்குவதாற் பயனில்லை.

நடுகல்லும் கொடையும்

இறந்தாரைத் தெய்வமாக வழிபடுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் துறை துறையாகப் பகுத்து வைத்துள்ளது. ஆநிரை மீட்கப் போய் மடிந்த மறவனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதி, பூச்சூட்டி வழிபட்டனர்.

ஆனால் நடுகல்லுக்கும் கொடைத் தெய்வத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. நடுகல் மறவன் பெரும்பாலும் தன் தலைவனுக்காகவோ ஊருக்காகவோ மடிந்தவன். அவனைப் போற்றுவதால் தலைவனுக்கும் ஊருக்கும் இழுக்கில்லை; பெருமையே உண்டு. கொடையில் ஆடும் தெய்வங்களிற் பலர் அவ்வாறு மடிந்தவர்களல்லர். அரசனாலோ, ஊராராலோ, உடன்பிறந்தாராலோ கொல்லப்பட்டவர்கள். எவர் கொன்றனரோ, அவர்தம் கால்வழியினரே அச்சத்தோடு வந்து நின்று படையலிட வேண்டியதாயிற்று. அடக்கப்பட்ட மக்களுக்கு மன்றத்தில் முறையிடும் உரிமை இருந்ததில்லை. எழுத்தறிவும் மறுக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு இருந்த ஒரே மன்றம் கொடைப் பந்தல். ஒரே ஏடு வில்லுப்பாட்டு.

கொடை நடைபெறும் முறையைப் பார்த்தவர்கள் இதை உணர்வர். நெல்லை, குமரி மாவட்டங்களில் மாடன், அம்மன் கோயில்களின் முன் பந்தலிட்டு, வில்லை அமைப்பர். மணி கட்டிய வில்லின் நாணை வீசுகோலால் அடித்துப் புலவர் பாட, குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் உடன் முழங்கும். தெய்வத்தின் பிறப்பிலிருந்து கதை தொடங்கும். மெல்ல மெல்ல வளர்ந்து, கொலை நடக்கும் இடத்தை அடையும்போது பாட்டின் விரைவு கூடும். அந்நேரத்திற்றான் கோமரத்தாடியின்மேல் தெய்வம் இறங்கும். பிறந்த கதைக்கும் வளர்ந்த கதைக்கும் இறங்காத தெய்வம், கொலையுண்ட கதைக்கு இறங்குகிறது! இஃது எதைக் காட்டுகிறது? இவ்விழாவின் நடு நரம்பு அந்தக் கொலையே என்பதைக் காட்டுகிறது. ஊர் மறக்க விரும்பும் ஒன்றை ஆண்டுதோறும் ஊரார் முன்னிலையிலேயே நினைவூட்டுவது அவ்விழா.

இனி, கதைக்கு வருவோம்.

முத்துப்பட்டன்

பாவநாசத்திற்கு மேலே, காரையாற்றில், பொருநைக் கரையிலே சொரிமுத்தையனார் கோயில் உள்ளது. ஆடிக் காருவா (அமாவாசை) நாளில் அங்கே மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். அக்கோயிலிற் பட்டவராயன் என்னும் தெய்வத்துக்கு ஒரு வழிபாடு உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் தோற்செருப்புச் செய்து கொண்டுவந்து படைக்கிறார்கள். அச்செருப்பை அணிந்து பட்டவராயன் காட்டிலே உலவுகிறான் என்றும், அடுத்த ஆண்டு பார்த்தால் அது தேய்ந்திருக்கும் என்றும் மக்கள் நம்புகின்றனர்.

கோயிலுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம். இங்கோ செருப்பே படையல்! ஏன்?

பட்டவராயன் என்பவன் முத்துப்பட்டன். பார்ப்பனக் குடியிற் பிறந்தவன். உடன்பிறந்த அண்ணன்மாரோடு பிணங்கி வெளியேறியவன். காட்டு வழியிலே பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு பெண்களைக் கண்டு காதல் கொண்டான். அவர்கள் வாலப்பகடையின் மக்கள். வாலப்பகடை செருப்புத் தைக்கும் அருந்ததியர் குடியினன். பெண் கேட்டு வந்த பட்டனிடம் அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'பெரிய குலத்தான் கேட்கிறானே' என்று மகிழ்ந்து கொடுத்துவிடவில்லை. 'பூணூலை அறுத்தெறி; குடுமியை எடு; செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்; எங்களில் ஒருவனாகி வா; பிறகு பெண் தருகிறேன்' என்றான்.

உடன்பிறந்தார் தடுத்தனர், கல்லறைக்குள் அடைத்தனர். பட்டன் அதனின்றும் வெளியேறி, கேட்டதனைத்தையும் செய்தான். தன் கையாற் செருப்புத் தைத்துக் கொணர்ந்தான். மணமும் நடந்தது. ஆனால் மணநாள் இரவிலேயே ஆநிரைகளைக் கள்வர் கவர்ந்தனர். பகடையின் மருமகன் என்ற முறையில் ஆநிரை மீட்கப் போனான். பலரை வென்றான், இறுதியில் மறைந்திருந்த ஒருவனால் வஞ்சகமாகக் குத்துண்டு மடிந்தான்.

பெருமக்களே! இக்கதையின் ஆழத்தை எண்ணிப் பாருங்கள். தாழ்த்தப்பட்டவன் மேலேறி மேற்குலத்தானைப் போல ஆகவேண்டும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் அறவுரை. குளி, கறி உண்ணாதே, நூல் அணி, பிறகு உன்னைச் சேர்த்துக்கொள்வோம் என்பார்கள். இந்தக் கதையோ நேர்மாறானது. இங்கே நுழைவுத்தேர்வு வைப்பவன் செருப்புத் தைப்பவன்! எழுத வேண்டியவன் பார்ப்பனன்! உழைப்பைக் கற்றுக்கொண்டு வந்தாற்றான் நீ எங்களுக்கு ஒப்பானவன் என்று உழைப்பாளி ஓங்கிச் சொல்கிறான். கீழ் மேல் என்னும் ஏணியையே இக்கதை தலைகீழாக நிறுத்துகிறது. அந்தச் செருப்புத்தான் இன்றும் காரையாற்றிலே படையலாகிறது. எல்லாக் குலத்தாரும் அதை ஏந்தி வந்து படைக்கின்றனர்.

இதில் நாம் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. பட்டன் இறந்ததும் பொம்மக்காவும் திம்மக்காவும் தீப்பாய்ந்தனர் என்று கதை முடிகிறது. குலத்தின் கட்டை உடைத்த கதையாலும் பெண்ணின் கட்டை உடைக்க முடியவில்லை. பழங்கதை என்பதற்காக அதையும் நாம் போற்றவேண்டியதில்லை. கொள்ள வேண்டியதைக் கொண்டு தள்ள வேண்டியதைத் தள்ளுதலே அறிவுடைமை.

பிறப்பை மாற்றும் சூழ்ச்சி

இப்போது அந்த இரண்டாம் வேலையைப் பார்ப்போம்.

முத்துப்பட்டன் கதையின் சில வடிவங்களில், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் வாலப்பகடைக்குப் பிறந்தவர்களே அல்லர் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் பார்ப்பனக் குடியிற் பிறந்து, காட்டிலே விடப்பட்டு, பகடையால் எடுத்து வளர்க்கப்பட்டவர்களாம்! நாட்டுப்புறக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்து, 1970களின் தொடக்கத்தில் அன்றைய மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, இது பிற்காலத்தார் செருகியது என்றே கருதினார். அவர் கருத்து முற்றும் பொருத்தமானது. செருகியவரின் நோக்கம் நமக்கு விளங்காமலில்லை. பெண்கள் பார்ப்பனப் பிறப்பினர் என்றால், பார்ப்பனன் பார்ப்பனப் பெண்களைத்தானே மணந்தான்! கலப்பு மணமும் இல்லை. குல மறுப்பும் இல்லை. தைத்த செருப்புக்கும் பொருளில்லை. ஒரே ஒரு வரிச் செருகலாற் கதை முழுவதும் உயிரிழந்து போகிறது.

இஃது ஒரு கதையோடு நிற்கவில்லை. மதுரைவீரனைப் பாருங்கள். அருந்ததியர் குடியிற் சின்னானும் செல்லியும் வளர்த்த வீரன். பொம்மியைக் காதலித்து மணந்தவன். மதுரையிலே கள்வரை அடக்கிய காவலன். திருமலை நாயக்கர் காலத்தில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டவன் எனக் கதை சொல்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே இன்றும் அவனுக்கு வழிபாடு உண்டு. அவனுக்கும் என்ன செய்தனர்? காசி அரசனுக்குப் பிறந்த மகன், கொடி சுற்றிப் பிறந்ததாற் காட்டில் விடப்பட்டான் என்றனர். 1956-இல் வெளிவந்த 'மதுரைவீரன்' திரைப்படமும் அரச பிறப்பு என்ற அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டு நாடெங்கும் பரப்பியது. வீரம் இருந்தால் அவன் அரச குருதியாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு!

காத்தவராயன் கதையிலோ வேறொரு வழி. ஆரியமாலை என்னும் பார்ப்பனப் பெண்ணைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்டவன் காத்தவராயன். அவனைச் சிவனின் மகனாக்கினர். சிவன் இட்ட கெடுமொழியால் (சாபத்தால்) அவன் கழுவேற வேண்டியிருந்தது என்றனர். ஆரியமாலையையும் முற்பிறப்பில் வானுலகத்துப் பெண் என்றனர். கொன்றவன் அரசனல்லன், கொல்லச் செய்தது குலமுறையன்று, எல்லாம் முன்னரே முடிவான இறைவன் திருவிளையாட்டு! இவ்வாறு கொலைக்குப் பொறுப்பேற்பார் எவருமில்லாமற் போயிற்று.

ஆயினும் மக்கள் கழுமரத்தை விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஈழத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அம்மன் வழிபாட்டோடு இணைந்து காத்தவராயன் கூத்து ஆடப்பெற்று வருகிறது. அங்கே கழுமரம் நாட்டிக் காத்தவராயன் அதில் ஏறும் காட்சியே கூத்தின் உச்சம். பழங்கதை பூசி மறைத்தாலும் கழுமரம் மறையவில்லை. பார்ப்பவர் கண்ணில் அது நிற்கிறது. 'ஏன் இவனை ஏற்றினார்கள்?' என்று குழந்தையும் கேட்கும்.

கொன்றவர்கள் பார்ப்பனர் மட்டுமே, அரசர் மட்டுமே என்று எண்ணி நாம் தப்பித்துக்கொள்ளவும் இக்கதைகள் இடந்தரவில்லை. சின்னநாடான் கதை, நாவிதர் குடிப் பெண்மேற் கொண்ட காதலுக்காகத் தன் குடும்பத்தாராலேயே கொல்லப்பட்ட இளைஞனின் கதை. இடைப்பட்ட குலத்தார் தமக்குக் கீழே ஒரு குலத்தை வைத்துக்கொண்டு செய்த கொடுமையையும் வில்லுப்பாட்டு விட்டுவைக்கவில்லை.

சேரநாட்டுச் சான்று

இம்முறை தென்பாண்டிக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டா. பழைய சேரநாட்டின் வடபகுதியான கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களிலே தெய்யம் என்னும் ஆட்டம் நடைபெறுகிறது. மலையர், வண்ணார், வேலர், புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட குடியினரே தெய்யமாக ஆடும் உரிமையுடையவர்கள். அவற்றுட் பொட்டன் தெய்யம் என்பது ஒன்று. வழியிலே எதிர்ப்பட்ட புலையனை விலகிப் போகச் சொன்ன சங்கரரை, அந்தப் புலையன் கேள்விகளால் மடக்கியதே அதன் கதை. வெட்டினால் இருவர் உடம்பிலும் வருவது ஒரே குருதிதானே என்ற கருத்தை அத்தெய்யத்தின் பாட்டு வெளிப்படையாகவே கேட்கிறது. ஆடுபவர் தென்னங்குருத்தோலை உடையோடு நெருப்புத் தணற்குவியலின்மேற் சாய்ந்து கிடப்பார். விலக்கப்பட்டவன் தீயையும் பொருட்படுத்தாமற் கேள்வி கேட்கும் காட்சி அது.

அங்கேயும் பிறப்பு மாற்றம் நிகழ்ந்தது. எதிர்ப்பட்டவன் புலையனே அல்லன்; சங்கரரைத் தேர்ந்து பார்க்க வந்த சிவன் என்றனர். கேள்வி கேட்டவன் புலையன் என்றால், புலையர் அனைவர்க்கும் அந்த அறிவு உண்டு என்றாகிவிடும். கேட்டவன் சிவன் என்றால், புலையனுக்கு அதிற் பங்கில்லை. மொழி வேறாகிப் போன நிலத்திலும் சூழ்ச்சி ஒன்றாகவே இருத்தலைக் காண்க!

ஓரிரவு வணக்கம் போதுமா?

இவ்விடத்தில் ஒரு தடை எழும். 'இந்த எதிர்ப்பால் என்ன விளைந்தது? இரவெல்லாம் தெய்வம் என்று காலில் விழுந்தவர்கள், விடிந்ததும் அவனைத் தொலைவில் நிற்கவைத்தார்களே! சினத்தை ஓரிரவிற் கொட்டித் தீர்க்கவிட்டு, மற்றை நாளெல்லாம் அடங்கிக் கிடக்கச் செய்யும் ஏற்பாடுதானே இது?' என்று கேட்பார்கள். முறையான கேள்விதான். அதில் உண்மையும் உண்டு. முன்னாளிலே தெய்யம் ஆடியவர் முடியைக் கழற்றியதும் மீண்டும் தீண்டப்படாதவரே ஆனார். கொடைக்கும் கூத்துக்கும் வந்து முழக்குவதைக் கடமையாகச் சுமத்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றனர்.

ஆனாலும் நான் அக்கூற்றை முழுதாக ஏற்கமாட்டேன். கொடை குலமுறையை ஒழிக்கவில்லை, உண்மை. எனினும் அக்கொலைகள் முறையானவை என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. நூற்றாண்டுக் கணக்காக, 'இது கொலை, இவன் குற்றமற்றவன்' என்று பாடிக்கொண்டேயிருந்தது. வழக்கு தீர்க்கப்படவில்லை, ஆனால் தள்ளுபடியாகவும் விடப்படவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய பொறுப்பு நம் தலைமுறைமேல் வந்து நிற்கிறது.

செருப்புக்கே மீண்டும் வருகிறேன். காரையாற்றிலே தோற்செருப்பைத் தலைமேற் சுமந்து சென்று வணங்கும் இதே நாட்டில், ஒடுக்கப்பட்டவன் பிறர் வாழும் தெருவிற் செருப்பணிந்து நடக்கலாகாது, கழற்றிக் கையிற் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்ற கொடுமை பல ஊர்களில் இருந்தது. பழங்காலச் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் இறுதியிலே, திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து ஊர் ஒன்றில், ஒடுக்கப்பட்ட மக்கள் பலர் ஒன்றுசேர்ந்து, அதுவரை தாங்கள் செருப்போடு நடக்க இயலாதிருந்த தெருவில் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தனர் என்பது செய்தித்தாள்களில் வந்தது. தெருவில் நடப்பதே ஓர் எதிர்ப்பாக அமைந்த நாடு நம் நாடு! செருப்பைத் தைத்தவன் காலுக்குச் செருப்பில்லை. அவன் தைத்த செருப்புக்கு மட்டும் கோயிலிலே இடமுண்டு!

பறையின் நிலையும் இத்தகையதே. பறை நம் பழந்தமிழ்க் கருவி. ஆனால் சாவுக்குப் பறையடித்தலை ஒரு குடியின்மேற் கட்டாயக் கடமையாகச் சுமத்தி, பிறகு அதையே இழிவென்றும் சொன்னார்கள். ஊர்கள் பலவற்றில் அம்மக்கள் 'இனி அடிக்கமாட்டோம்' என்று கோலைக் கீழே வைத்தனர். 1990கள் முதலாக அதே பறையை விடுதலைக் கருவியாக மேடையேற்றி முழக்கியும் வருகின்றனர். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. அடிமையாய் அடிக்க மறுத்ததும் எதிர்ப்பு. உரிமையாய் அடிக்கத் தொடங்கியதும் எதிர்ப்பு. கருவியின் தொன்மையை மட்டும் பாடி, அதைத் தாங்கியவனின் துன்பத்தைப் பாடாதவர்கள் பறையைப் போற்றுபவர்களாகார்.

நாம் செய்ய வேண்டுவன

தூய தமிழ் வேண்டும் என்கிறோம். சொல்லிற் பிறமொழிக் கலப்புக் கூடாது என்கிறோம். நன்று. ஆனால் நம் கதைகளிற் செருகப்பட்ட பிறப்புக் கலப்படத்தை என்ன செய்தோம்? 'காசி அரசன் மகன்' என்னும் செருகல், வேற்றுச் சொல்லினும் கொடிய நஞ்சன்றோ? எனவே சில பணிகளை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் ஊர்க் கொடையில் பாடப்படும் கதையை முழுமையாகக் கேளுங்கள். பாடுபவரின் ஒப்புதலோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரே கதைக்கு இரண்டு மூன்று வடிவங்கள் இருந்தால் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். எது முந்தியது, எது பிந்தியது என்பதை ஒப்பிட்டுத் துணியலாம். முதிய புலவர்கள் மறையுமுன் இதைச் செய்தாக வேண்டும்.

இரண்டாவது, கலைஞரை மதியுங்கள். பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு பாடியவரைப் புறந்திண்ணையில் உண்ணவைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அந்தக் கொடைக்குச் செல்லாதீர்கள். செல்லாமைக்குக் கரணியத்தையும் சொல்லுங்கள்.

மூன்றாவதே தலையாயது. குலம் கடந்து மணந்தவர்களைப் பெற்றோரும் உறவினருமே கொல்லும் கொடுமை இன்றும் ஒழியவில்லை. அத்தகைய இணையர்க்குக் காவல் தரவேண்டும் என்று 2018-இல் உச்ச நயன்மன்றம் ஆணையிட்ட பின்னரும் கொலைகள் நின்றபாடில்லை. முத்துப்பட்டனுக்குச் செருப்புப் படைக்கும் கையே, தன் வீட்டில் ஒரு முத்துப்பட்டன் தோன்றினால் அரிவாளை எடுக்கிறது! காத்தவராயன் கழுவேறும்போது கண்ணீர் விடுகின்றவர்கள், தம் மகளின் காதலனுக்குக் கழுமரம் நடுகின்றனர்! அத்தகைய இணையர் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களுக்கு முதலில் வீடு கொடுங்கள், துணை நில்லுங்கள். கொடைக்குப் பணங் கொடுப்பதினும் அதுவே பட்டவராயனுக்கு உகந்த படையல்.

நம் முன்னோர் படிக்காதவர்கள். ஆனால் கொலையைக் கொலை என்று பாடத் துணிந்தவர்கள். படித்த நாம் அந்தத் துணிவிற் குறைந்துவிடக் கூடாது. கொல்லப்பட்டவனின் பிறப்பை மாற்றாதிருப்போம். பிறப்புக்காக எவனும் கொல்லப்படாத நாட்டை அமைப்போம்.